தாய்மாமன் மடி

மணிமாறனுக்குச் சுரங்கத்தில் மண் கொண்டுபோகிற பெல்ட்டைப் பார்க்கிற வேலை. பெல்ட் கிழிந்தாலோ மண் சரிந்தாலோ கயிற்றை இழுத்து நிறுத்த வேண்டும். பதினோரு வருடமாக மூன்று ஷிப்டும் மாறி மாறிப் போகிறான். பெர்மனென்ட். டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அப்பா துரைராஜும் அவனோடுதான் இருக்கிறார்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துக்கு வந்த வேலை அது, வீட்டில் ஒருவருக்குத்தான். தங்கை சத்யப்பிரியாவுக்கு என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். அந்த வீட்டில் டிப்ளமோ வரை போனவள் அவள் ஒருத்திதான். மணிமாறன் பத்தாவதோடு நின்றவன். ஆனால் அலுவலகத்துக்கு அலைந்தது அவன். தன் பேரை எழுதிக் கொடுக்க, ஆட்சேபணை இல்லை என்று தங்கை கையெழுத்துப் போட வேண்டும். முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவளிடம் தாளை நீட்டி, "நெலத்து காயிதம்மா, இங்க ஒரு கையெழுத்து போடு" என்றான். அண்ணன் நீட்டுகிற தாளைப் படித்துப் பார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. போட்டுவிட்டாள்.

ஆர்டர் அவன் பேரில் வந்தபோது அவள் கேட்டாள். "அப்பாதான் சொன்னாரு" என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்த துரைராஜ் மகனை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு சொரங்க வேல?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் சோற்றைப் பிசைந்தார்.

அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள் சத்யப்பிரியா. கல்யாணத்தில் அவர் காலில் விழுந்தாள், எழுந்தாள், அவ்வளவுதான். அண்ணனிடம் மட்டும் பாசம் குறையவில்லை.

போன மாதம் போன் செய்தாள். "அண்ணா, இளவேனிலுக்குக் காது குத்தறோம். மாரியம்மன் கோயில்ல. மடி உன்னுது."

"அப்பா?"

"பத்திரிகைல அவரு பேரு போடல."

"பழசெல்லாம் வுட்டுடும்மா. பெரியவரு."

"அவரு ஒரு வார்த்த கேக்கட்டும், வுட்டுடறேன்."

மனைவி நந்தினிக்கு நடந்தது முழுக்கத் தெரியும். சீர்த்தட்டுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தவனிடம் இருந்து பேனாவைப் பிடுங்கினாள். "பழிய அந்த மனுசன் மேல போட்டுட்டு, அவரு பேத்திய நீங்க மடில வெச்சிக்கினு போட்டோ எடுத்துக்குவீங்களா?"

"சொன்னா மடியும் போவும், தங்கச்சியும் போவும்."

"பதினோரு வருசமா அவருக்குப் போச்சே, அது?"

மறுநாள் பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்ததும் யூனிபார்மோடு வண்டியை முத்தாண்டிக்குப்பத்துக்கு விட்டான். சத்யப்பிரியா அங்கே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். யாரோ ஒரு பெரியவரிடம், "படிச்சிட்டுப் போடுங்க தாத்தா. படிக்கத் தெரியாதா? அப்ப நான் படிக்கறேன், கேட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் போகும்வரை காத்திருந்தான்.

"சத்யா, அந்த வேல விசயம். அப்ப எனக்கும் வயசு இல்ல, கூட இருந்தவனுங்க வேற ஏத்தி வுட்டானுங்க..."

"இப்ப எதுக்கு அது? டீ சொல்லட்டா?"

எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. உட்கார்ந்தே சொன்னான். "யாரும் ஏத்தி வுடல. அப்பா சொல்லவும் இல்ல. உனக்குத்தான் குடுக்கணும்னாரு. நான்தான் ஏமாத்தி எடுத்துக்கினேன்."

அவள் கை கீபோர்டிலேயே நின்றது. "நெலத்து காயிதம்னு சொன்னியே?"

"பொய்."

"அப்பாவே ஆமான்னாரே."

"என்னக் காப்பாத்தறதுக்குச் சொன்னாரு. நானும் வாய மூடிக்கினேன்."

"இத்தினி வருசம் நான் அவரத் திட்டறப்ப நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

ஒவ்வொரு கேள்விக்கும் 'ஆனா' என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினான். கடைசியில், "வேலயத் திருப்பித் தர முடியாது. யாரு கேட்டாலும் நடந்தத நான் சொல்றேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்" என்றான்.

"எழுந்து போண்ணா" என்றாள். போனான்.

இரண்டு நாள் கழித்துக் கணவன் பாலகுமாரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். மணிமாறனைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவிடம் போனாள். "ஏம்பா, இவன் பொய்ய நீ எதுக்கு வாங்கிக்கினு திரிஞ்ச?"

"அண்ணன் தங்கச்சியாவது பேசிக்கினு இருக்கட்டும்னுதான்" என்றார் துரைராஜ். பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "எளைச்சிட்டியேம்மா" என்றார். அவள் இளவேனில் பிறந்த பிறகு நன்றாகக் குண்டாகியிருந்தாள். அழுகையும் சிரிப்புமாக அவர் தோளிலேயே அடித்தாள்.

கிளம்பும்போதுதான் அண்ணனைப் பார்த்தாள். "மடி அப்பாவுது. நீ தட்டு தூக்கினு வா."

கோயிலில் மணிமாறன் தட்டோடு கடைசியில் நின்றான். துரைராஜ் மடியில் பேத்தி. உறவுக்காரப் பெரியவர் மதிவாணன் விடவில்லை. "என்னாடா இது, தாய்மாமன் கல்லாட்டம் நிக்கறப்ப தாத்தன் மடியில குத்தறாங்க? உனக்கு இடுப்புப் புடிப்பா?"

ஆமாம் மாமா என்றால் அதோடு போயிருக்கும். "இல்ல மாமா. எங்க வூட்டுக்கு வந்த சொரங்க வேல இவளுக்குச் சேர வேண்டியது. நான் ஏமாத்தி வாங்கிக்கினேன். பழிய அப்பா மேல போட்டேன். அதான்" என்றான்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். இளவேனில் வீறிட்டாள்.

அடுத்த காதுக்குக் கை வைக்கப் போனவரைச் சத்யப்பிரியா நிறுத்தினாள். "இருங்க. அண்ணா, தட்ட கீழ வெச்சிட்டு வந்து ஒக்காரு. இந்தக் காது உன் மடியில."

"அழற புள்ளைய எடம் மாத்தாதீங்கம்மா, கை ஆடிடும்" என்றார் ஆசாரி.

"ஆடாமப் புடிச்சிக்குவான்" என்றாள். "கெட்டியாப் புடி. அவ உதைப்பா."

உதைத்தாள். தாடையில். மணிமாறன் பிடியை விடவில்லை.