அழகுக்கு எடுத்த கோடி

ஒக்கூர் நாகநாதன் பொய் சொல்லத் தெரியாத சம்சாரி. வயலில் கண்டுமுதல் குறைந்தால் குறைந்தது என்பான், கூடினால் கூடியது என்பான். அப்படிப்பட்ட மனுசன் ஒரே ஒரு பொய் சொன்னான். அதையும் சாவு வீட்டில் சொன்னான்.

செத்தது அழகு. அவனுக்குத் தம்பியாகப் பிறந்து, அப்பன் அடி தாங்காமல் பதினெட்டு வயதில் ஓடிப்போய், தொண்ணூற்று மூன்றாம் வருசம் சேலை கட்டிக்கொண்டு தங்கச்சியாகத் திரும்பி வந்தவள். அப்போது அப்பன் உயிரோடு இல்லை. வாசலில் நின்றவளை நாகநாதன் ஏற இறங்கப் பார்த்தான். "சாப்பிட்டியா?" என்றான். அவ்வளவுதான் விசாரணை. அவன் பெண்டாட்டி நீலாயதாட்சி சோற்றைப் போட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? நல்லது கெட்டதுக்கு அழைப்பது நின்றது. நாகநாதன் அசரவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் எடுக்கிற சேலையை அழகுக்கு எடுத்தான்.

நாலு வருசம் கழித்து அழகுக்கு மஞ்சக்காமாலை வந்தது. ஆஸ்பத்திரியில் ஆம்பளை வார்டா பொம்பளை வார்டா என்று பேசிப் பேசியே வராந்தாவில் போட்டு வைத்திருந்தார்கள், பாவிகள். அங்கேயே போய்விட்டாள்.

கேதம் சொல்ல ஆள் விடும்போதுதான் அந்தப் பொய். "எந் தம்பி தவறிட்டான்னு சொல்லுங்க" என்றான். தங்கச்சி என்றால் ஈ காக்கை எட்டிப் பார்க்காது. அநாதைப் பிணமாக அவளை அனுப்ப மனசு வரவில்லை. வந்த பிறகு கையைக் காலைப் பிடித்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தான், வெள்ளந்தி.

கூட்டம் வந்தது. பங்காளிகள் பாடை கட்டினார்கள். சித்தப்பா முறையான சோணை புது வேட்டியோடு வந்து, "குளிப்பாட்டுங்கப்பா" என்றார். பெண் செத்தால் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அண்ணன் போர்த்துவான். இங்கே ரெண்டு ஆம்பளைகள் அழகின் ரவிக்கையில் கை வைத்தார்கள். நாகநாதனுக்குப் பொறுக்கவில்லை. வாங்கி வைத்திருந்த கோடியை எடுத்து வந்தான்.

"கைய எடுங்க. இது எந் தங்கச்சி."

"நீதானப்பா தம்பின்னு சொல்லிவிட்ட?" சோணைக்கு முகம் கறுத்துவிட்டது. "வேட்டின்னா நாங்க தூக்குறோம். சேலைன்னா நீயே தூக்கிக்க."

"சேலைதான் சித்தப்பா."

துண்டை உதறிக்கொண்டு போனார்கள். பெண்களும் போனார்கள். நீலாயதாட்சியால் ஒருத்தியாக உடம்பைப் புரட்டக்கூட முடியவில்லை.

"காரைக்குடி செக்காலையில அழகோட சேத்திக்காரவுக இருக்காகளே, அவுகளுக்குச் சொன்னீகளா?"

அவன் தலையைத் தொங்கப்போட்டான். அழகைப்போலவே சேலை கட்டி வாழ்கிறவர்கள். அவர்கள் வந்து நின்றால் ஊர் வராது என்று, அவர்களுக்கு மட்டும் சொல்லிவிடவில்லை. காரைக்குடிக்கு பஸ் ஏறினான்.

ரெண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஐயோ, அந்த அழுகை! மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள், சடை பின்னிப் பூ வைத்தார்கள். நாகநாதன் கோடி போர்த்தினான்.

பாடையைத் தூக்கக் குனிந்த கீர்த்தி, அவர்களில் மூத்தவள், நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"முடியாமக் கெடந்ததுகூட எங்களுக்குத் தெரியாதேண்ணே. ஊரு கைவிட்ட பெறகுதான் எங்க நெனப்பு வந்துச்சாக்கும்?"

"ஆமாத்தா" என்று சொல்லிவிட்டு நாகநாதன் விம்மி விம்மி அழுதான்.

கீர்த்தி அவனைத் தேற்றவில்லை. தலைமாட்டுப் பக்கம் தோளைக் கொடுத்தாள்.