பிளக்கைப் பிடுங்கிய சோதனை

கணபதி ஏரியாவில் ஒரு பம்புசெட் கம்பெனி. ஸ்டாக், பில், சம்பளம் மூன்றும் நான் எழுதிய புரோகிராமில்தான் ஓடின. ஒவ்வொரு வரியும் என் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எழுதியது. தொண்ணூறுகளின் கடைசியில் டை கட்டிய ஒருவன் புது சாஃப்ட்வேரோடு வந்தான். மவுஸை இழுத்து இழுத்தே பில் போடும் புரோகிராமைக் கட்டிவிடலாமாம், எழுத ஆளே வேண்டாமாம். என் மேஜையிலேயே தன் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இதைச் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

முதலாளிக்குச் சோதனை என்றால் ஒன்றுதான் தெரியும். புது மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீரை அடைத்து, கரண்டை வெட்டி வெட்டிக் கொடுத்துக் கொல்லப் பார்ப்பார். சாகாவிட்டால் லாரியில் ஏற்றுவார். சாஃப்ட்வேருக்கும் அதே கதிதான். அவன் ஒரு பில்லைப் பதியும்போதே பிளக்கைப் பிடுங்கி, மறுபடி செருகினார். பாதியில் நின்ற பில் மட்டும் போயிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது.

"அம்மணி, உங்களுதையும் பாத்துப்போடலாங்களா?" என்று கேட்டுக்கொண்டே என் பிளக்கையும் பிடுங்கினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. என் புரோகிராம் திக்கித் திணறி எழுந்தபோது பாதி ஸ்டாக்கைக் காணோம்.

டைக்காரன் சிரித்தான். சிரித்த வாய்மேலேயே ஓங்கி ஒன்று விட்டேன். நாற்காலியோடு சாய்ந்தான். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். எழுந்து என் சடையைப் பிடித்து இழுத்தான், நான் அவன் கையைக் கடித்தேன். ஃபோர்மேன் ஓடிவந்து பிரித்துவிட்டார். அப்போதும் எனக்கு அடங்கவில்லை. காகிதம் பறக்காமலிருக்க மேஜையில் வைத்திருந்த வார்ப்பிரும்புத் துண்டை எடுத்து அவன் மானிட்டரை அடித்தேன். டமாரென்று வெடித்தது. கண்ணாடி என் கையையும் கிழித்தது. வலிக்கவே இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒழிந்தது சனியன் என்று நினைத்தேன்.

கீழே அவன் கம்ப்யூட்டர் டப்பா மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. முதலாளி குனிந்து, என் மானிட்டரின் ஒயரைக் கழற்றி அந்த டப்பாவில் மாட்டினார். அவனுடைய பில்கள் என் திரையில் வரிசையாக வந்து நின்றன.

என் கையிலிருந்து கீபோர்டில் ரத்தம் சொட்டியது. முதலாளி அதைப் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றவனிடம், "ஏனுங்க, பாஸாயிப்போச்சுங்க. எப்பங்க மாட்டித் தருவீங்க?" என்றார்.