தலைகீழாகக் குத்திய எழுத்து

செய்த பொருளின் அடியில் அவரவர் எழுத்தைக் குத்த வேண்டும். எங்கள் பட்டறையில் நான் போட்ட முதல் விதி அது. இரும்பில் ஆங்கில எழுத்தைப் பதிக்கிற சின்ன எஃகு அச்சு ஒன்று உண்டு, பஞ்ச் என்போம். அதை நிறுத்திப் பிடித்துச் சுத்தியால் ஒரே போடு. வெல்டிங் விட்டுப்போனால் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரிய வேண்டுமல்லவா என்று சொல்லிவைத்திருந்தேன். பிள்ளைகளும் நம்பினார்கள். உண்மையில் அந்த ஒரு போடு போடும்போது அவர்கள் முகத்தில் வருகிற கர்வத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேளம்பாக்கம் தாண்டி, திருப்போரூர் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகை. பள்ளிக்கூடம் முடித்துவிட்டுச் சும்மா இருந்த பிள்ளைகளுக்கு மரவேலையும் வெல்டிங்கும் சொல்லித்தருகிற இடம். அதை நடத்தியவள் என் தோழி. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். கம்பெனி வேலையை விட்டுவிட்டு வாடி என்று அவள் கூப்பிட்டபோது என் வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் காதிலேயே வாங்கவில்லை. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் மாறி மாறிப் போனேன். அவள் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா?

பிள்ளைகளில் பாதிப் பேர் பக்கத்துக் குடியிருப்பு. அங்கே ஒரு பால்வாடி இருந்தது. மழைக்காலத்தில் சிமெண்ட் தரை ஓதம் ஏறிக் கிடக்கும். குழந்தைகள் அதில் உட்கார்ந்துதான் சாப்பிடும். அதற்கு பெஞ்ச் செய்து கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். நானே போய் அந்த அம்மாக்களிடம், அடுத்த மழைக்கு உங்கள் குழந்தைகள் தரையில் உட்காராது என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் கேட்காத வாக்கு. எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம்.

உயரம் எவ்வளவு வைப்பது என்று வகுப்பில் ஒரே சண்டை. ஒரு பெண் தன் அக்கா பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். செங்கல்லை அடுக்கி அவனை உட்காரவைத்து, பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்தோம். அவன் ஓடப் பார்த்தான். க்ரீம் பிஸ்கட் கொடுத்துப் பிடித்துவைத்தோம். அந்தக் கால் அளவில்தான் எல்லா பெஞ்சும். இரும்புச் சட்டம், மேலே வேப்பம் பலகை. விழுந்து தலை மோதினாலும் வலிக்கக் கூடாது என்று மூலைகளையெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து உருட்டினார்கள். கடைசியில் அந்தப் பெண் தன் 'எம்' எழுத்தைக் குத்தினாள், அவசரத்தில் தலைகீழாக. அது 'டபிள்யூ' ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவள் வகுப்புக்கே டபிள்யூ அக்கா.

குட்டியானை வண்டியில் பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பால்வாடிக்கு வெள்ளையடிக்கிறார்கள், அதுவரை குடோனில் இருக்கட்டும் என்றாள் தோழி. அந்த ஆயுத பூஜைக்குச் சற்று முன்னால் பட்டறைக்குப் புத்தம் புது டிரில்லிங் மெஷின் ஒன்று வந்தது. யாரோ நல்லவர்கள் கொடுத்தது என்றாள். சந்தனம், குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, என் கையால்தான் பூஜை போட்டேன். மழை வந்தது, விட்டது. பெஞ்ச் என்ன ஆச்சு என்று கேட்டபோதெல்லாம், ஆபீஸில் கையெழுத்து வர வேண்டும் என்றாள். சரி என்றேன். அதற்குள் பிள்ளைகள் எழுத்துக் குத்துவதையே விட்டுவிட்டிருந்தார்கள். திமிர் ஏறிப்போச்சு என்று கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்களே தவிர, யாரும் பஞ்ச்சை எடுக்கவில்லை.

தை மாதம், மாமல்லபுரத்துக்கு முன்னால் கடலோரம் ஒரு ரிசார்ட்டில் என் சித்தி மகளுக்குக் கல்யாண வரவேற்பு. மணலில் இறங்குகிற இடத்தில், செருப்பைக் கழற்ற வசதியாகச் சின்ன பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் அதில் ஒன்றின் மேல் காலைத் தூக்கிவைத்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் முகவாயில் இடித்தது. இவ்வளவு குள்ளமாக யார் பெஞ்ச் செய்வார்கள் என்று நினைக்கும்போதே, பழக்கதோஷத்தில் கை அடியில் போய்த் தடவியது. விரலில் பட்ட பள்ளம் 'டபிள்யூ'.

எழுந்து பெஞ்சைக் கவிழ்த்தேன்.

"இன்னாடி பண்ற? பட்டுப் பொடவல்லாம் மண்ணாவுது பாரு!" என்று சித்தி ஓடி வந்தாள். நான் அடுத்ததையும் கவிழ்த்தேன். எல்லாம் என் பிள்ளைகளின் எழுத்து. சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

நேரே தோழி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் மறுக்கவேயில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அந்த ரிசார்ட்காரங்கதான்டி நமக்கு அந்த மெஷின் குடுத்தாங்க. பதிலுக்கு பெஞ்சுங்க நல்லா இருக்குன்னு கேட்டாங்க, குடுத்தேன். பால்வாடிக்கு பிளாஸ்டிக் சேர் வாங்கிப் போட்டா போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னா நீ குதிப்பே. அதான் சொல்லலை."

இத்தனை வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டதில், நான் எதற்கு என்ன செய்வேன் என்று அவளுக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கை வைத்தே என் கழுத்தை அறுத்திருக்கிறாள். அவள் கொடுத்த காபியைத் தொடாமல் எழுந்தேன். பெஞ்சுகள் திரும்பி வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் போயின. அவற்றில் குழந்தைகளின் கால் தொங்குகிறது.

தோழியிடம் கேட்ட மறுநாளே பட்டறைக்குப் போனேன். பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை. எல்லாரும் வருவதற்குள் அந்த டபிள்யூ பெண்ணிடம் மட்டும் முதலில் சொல்லிவிடலாம் என்று போனேன். கதவு ஒன்றுக்குச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தாள். நான் பாதிகூடச் சொல்லவில்லை.

"தெரியும் மிஸ்," என்றாள். "எங்க அம்மா அந்த ரிசார்ட்டுலதான ஹவுஸ்கீப்பிங்கு. பெஞ்ச தொடைக்க சொல்லோ பாத்துச்சு. எழுத்து தலைகீழா கீது, நீ குத்துனதான்னு கேட்டுச்சு."

"எப்போ?"

"மெஷினுக்குப் பூஜ போட்டீங்களே, அதுக்கு முன்னாடியே. எல்லாருக்கும் தெரியும்."

நான் எலுமிச்சம்பழம் நசுக்கியபோது என்னைச் சுற்றி நின்று கும்பிட்டவர்கள் இவர்கள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லலை?"

"உங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சோம் மிஸ். நீங்களும் மேடமும் ஒண்ணாத்தான சாப்புடுவீங்க."

அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அப்படி நெனச்சுக்கிட்டு எதுக்குத் தினமும் கிளாசுக்கு வந்தீங்க?"

"வெல்டிங் கத்துக்க வேணாமா?"

"அதனாலதான் எழுத்து குத்துறதில்லையா?"

"எங்க போவுதுன்னே தெரியாத பொருளுக்கு எங்க பேரு எதுக்கு மிஸ்?"

எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகமூடியை இறக்கிவிட்டு, கம்பியைச் சட்டத்தருகே கொண்டுபோயிருந்தாள்.

"நெருப்பு அடிக்கப் போறேன். கண்ண அந்தாண்ட திருப்பிக்கோங்க மிஸ்."

திருப்பிக்கொண்டேன்.