ஏகாம்பரம் மாமாவின் தலை

போன வாரம் ஆரணியிலிருந்து போன் செய்த அத்தை அழவில்லை. மாமா விடியற்காலையில் போய்விட்டார் என்றார். அதே மூச்சில், வரும்போது அந்தத் தலையை எடுத்து வரச் சொன்னார்.

எதிர்வீட்டு ஏகாம்பரம் மாமாவைப் பட்டு நெய்பவராக ஆரணியில் எங்கள் தெருவுக்கே தெரியும். நான் பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தபோது, கடைசி ஆண்டுத் தேர்வுக்கு உயிருள்ள ஒருவரைப் பார்த்து முகம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பட்டம் கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் நழுவினார்கள். உயிரோடு இருப்பவருக்குச் சிலை செய்தால் ஆயுசு குறையும் என்று அத்தையும் தடுத்தார். "பொண்ணு படிப்பு நிக்குது. என் மண்டை சும்மாதான இருக்குது" என்று மாமா வந்து உட்கார்ந்தார்.

எங்களுடையது ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம். மருந்துச் சோதனைக்கும் சிற்பத்துக்கும் ஒரே ஒப்புதல் படிவம்தான். மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரி அவருக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. டீ ஆறியிருந்தால் விலகினார். ஃபேன் நின்றால் விலகினார். பக்க விளைவுகள் என்ற இடத்தில் 'கழுத்து வலி, பொண்டாட்டி பேஜார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை அப்படியே துறையில் கொடுத்தேன், யாரும் படிக்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் கால் தறியின் மிதிகட்டையைத் தேடும், கூடவே தலையும் ஆடும். கடைசியில் களிமண்ணைத் தறிக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். நெய்யும்போது தலை அசையவில்லை, ஆனால் வாய் ஓயவில்லை. களம்பூர் அரிசி விலையில் ஆரம்பித்து மருமகனின் மூக்கு வரை எல்லாம் வந்தது. பத்து நிமிஷம் வாயை மூடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"தறி சத்தத்துல கத்திப் பேசிகினே நெய்யறவன்மா நானு. வாய மூடினா கையும் நின்னுடும்" என்றார்.

மூடிய உதடுகளை நானே கற்பனையில் செய்தேன். அமைதி ததும்பும் முகம் என்று தேர்வாளர்கள் பாராட்டி நல்ல மதிப்பெண் போட்டார்கள். அதைச் சொன்னபோது மாமா இருமல் வரும்வரை சிரித்தார்.

போன் வந்த அன்று அந்தத் தலையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினேன். கூடத்தில் மாமாவைக் கிடத்தியிருந்தார்கள். அத்தை துணியை விலக்கிச் சிலையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடியும் சிலையைப் பார்த்தார்.

"அந்த மனுஷன் இப்படி வாய மூடிகினு இருந்து நான் பாத்ததே இல்லம்மா. இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

சிலையை அவரிடமே விட்டு வந்தேன். நிறுத்தச் சொல்லி நான் கெஞ்சிய அவர் பேச்சு மட்டும் என்னிடம் இருக்கிறது.