அம்மா பேசாத வாரம்

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா கோச்சடையில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஐப்பசியில் கட்டிய தொண்டை பொங்கல் கழிந்தும் திறக்கவில்லை. சுக்குக் காப்பி, மிளகுப்பால், உப்புத்தண்ணீர் எல்லாம் ஆயிற்று. காலையில் கரகரக்கும் குரல் சாயங்காலத்துக்குள் வெறும் காற்றாகிவிடும்.

கோரிப்பாளையத்தில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் அம்மாவின் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார். திரையில் இரண்டு வெள்ளைக் குரல்நாண்கள் திறந்து மூடின. ஒன்றின் ஓரத்தில் பயறு அளவுக்குச் சிவப்பாக ஒரு கட்டி.

"எம்புட்டு நாளா கத்திப் பாடம் நடத்துறீங்க? எடுத்துட்டு டெஸ்டுக்கு அனுப்புவோம். அப்புறம் ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாதும்மா. புண்ணு ஆறுறதுக்குள்ள கத்தினா, பழைய குரலுக்கு நான் பொறுப்பில்ல," என்றார்.

டெஸ்ட் என்றதும் அப்பா எதையோ கேட்க வாயெடுத்தார். என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து வந்த அம்மாவின் கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை. வாய் வழியாகவே எடுத்துவிட்டார்களாம். ஆகவே அவளுக்கு ஒன்றுமே இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். 'சாப்பிடு', 'குளி' என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக் காட்டினாள். மூன்றே நாளில் எனக்கு அலுத்துவிட்டது. எப்படியாவது அவளைப் பேசவைத்துவிட வேண்டும்.

நாலாம் நாள் வைகையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். சொல்லாமல் ஆற்றுக்குப் போனேன். சேறாகிவிடும் என்று செருப்பைக் கரையில் கழற்றிவிட்டு, கருவேலம் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா தேடி வந்தாள். கைதட்டினாள். வண்டி கழுவிக்கொண்டிருந்த ஒருவரிடம் இடுப்பளவு உயரத்தைக் கையால் காட்டினாள்.

"புள்ளையா? இந்தப் பக்கம் யாரும் வரலியே தாயி."

அப்போதுதான் செருப்பைப் பார்த்தாள். அப்புறம் தண்ணீரைப் பார்த்தாள். கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று.

"பாப்பா..."

துணி கிழிவதுபோல் இருந்தது அந்தச் சத்தம். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வெளியே ஓடிவந்தேன். அம்மா அடிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தவள் வீடு வரும்வரை விடவே இல்லை.

அடுத்த வாரம் டெஸ்ட் முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான். அப்பா வெளி பெஞ்சில் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆனால் டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது திரையில் ஒரு நாண் வீங்கியிருந்தது. அம்மாவுக்கு இன்னும் இரண்டு வாரம் மௌனம் நீண்டது. பிறகு குரல் வந்தது, ஆனால் உச்சத்துக்கு ஏறியதே இல்லை.

"பேசினீங்களா?" என்று வீக்கத்தைப் பார்த்த அன்றே டாக்டர் கேட்டார்.

'தூக்கத்தில் உளறிவிட்டேன்' என்று அம்மா எழுதிக் காட்டினாள்.

இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படி மறந்தாள் என்று எனக்கு ஆச்சரியம். "இல்லம்மா, ஆத்துல..." என்று ஆரம்பித்தேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பேசினால் எனக்கும் கட்டி வந்துவிடும் என்று பயப்படுகிறாள்போல என்று நினைத்துக்கொண்டேன்.