நாற்பத்தேழு நாள் ரேடியோ

திண்டுக்கல் பேகம்பூரில் ரேடியோ ரிப்பேர் என்றால் ரஹ்மத்துல்லாதான். ஐம்பத்திரண்டில் கடை போட்டதிலிருந்து ஒன்பது வருஷம் அவருக்கு எதிர்க்கடை கிடையாது. டீக்கடை ரேடியோ கமறினாலும், பெரிய வீட்டு ரேடியோ ஊமையானாலும் அவரிடம்தான் வந்தாக வேண்டும். மனுஷன் பெட்டியின் முதுகைக் கழற்றி, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு "ம்" என்பார். அந்த ஒரு 'ம்'முக்காக வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். தலைக்கனம் இருந்ததா என்றால் இருந்தது, நிறையவே இருந்தது.

அந்தத் தலைக்கனத்துக்குத் தீனி போட வருஷத்தில் ஒரு சாயங்காலம் வரும். ரமலான் இருபத்தொன்பதாம் நோன்பு திறந்ததும் ஜமாத் பெரியவர்கள் நேரே அவர் கடைக்கு வருவார்கள். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. வானம் மூடிக்கிடக்கிற வருஷங்களில், வெளியூரில் யாராவது பிறை பார்த்தார்களா என்று ரஹ்மத்துல்லா தன் ஏழு வால்வு செட்டைத் திருகித் திருகித் தேடுவார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வாழ்வில் மண்ணைப் போட வந்து சேர்ந்தான் சௌகத் அலி. வேறு யாருமில்லை, ரஹ்மத்துல்லாவின் மனைவி சர்புன்னிசாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. ராணுவத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்துவிட்டு அறுபத்தொன்றில் ஊர் திரும்பினான். வரும்போது ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ வயர்லெஸ் பெட்டிகள் இரண்டையும் சுமந்துகொண்டு வந்தான். எப்.எம். என்றான். இடி இடித்தாலும் இரைச்சல் வராது என்றான். ஊரிலுள்ள ரேடியோ எதிலும் அது பிடிபடாது என்பதால், கேட்கும் பெட்டிகளையும் அவனே எட்டு செய்து பள்ளிவாசலுக்கும் டீக்கடைகளுக்கும் சும்மா கொடுத்தான். ரமலானுக்குப் பத்து நாள் இருக்கையில் மூங்கில் கம்பத்தில் கம்பி கட்டிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

என்ன பேசினான்? சிறுமலை வாழைத்தார் சந்தைக்கு வந்து இறங்கிவிட்டது, இன்ன தெருவில் ஒரு வெள்ளாட்டைக் காணவில்லை, பழனி பஸ் பாலத்தில் பழுதாகி நிற்கிறது, இதுதான். இதற்குத்தான் ஊர் வாயைப் பிளந்தது. எட்டாவது பெட்டி ரஹ்மத்துல்லா வீட்டுச் சமையலறையிலேயே வந்து உட்கார்ந்தது.

"எந்தம்பி குரலு எம்புட்டு தெளிவா இருக்கு பாத்தீங்களா? பக்கத்துல நின்னு பேசுற மாதிரியே இருக்கு" என்றாள் சர்புன்னிசா. "உங்க செட்டுல எப்பப் பாத்தாலும் கரகரன்னு சோளம் பொரியும்."

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அந்தண்டை போன நேரம் பெட்டியின் முதுகைக் கழற்றிப் பார்த்தார். அரைமணி நேரம் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கம்பி எதற்குப் போகிறது என்றே பிடிபடவில்லை. 'ம்' என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. பொறாமை என்பது அதுவரை அவருக்கு மற்றவர்கள் தன்மேல் படுகிற ஒன்றாகத்தான் தெரியும்.

ரமலான் முடிகிற நேரத்தில் ஹஜ்ரத் அவரைக் கூப்பிட்டுப் பதமாகத்தான் சொன்னார். "இந்த வருஷம் பிறைச் சேதிய சௌகத்தே சொல்லட்டும் ரஹ்மத்துல்லா. எட்டு இடத்துக்கும் ஒரே நேரத்துல போயிரும்ல?"

"அதுக்கென்ன ஹஜ்ரத், சொல்லட்டும்" என்று சிரித்துவிட்டு வந்தார். இருபத்தொன்பதாம் நாள் மத்தியானமே கடையைச் சாத்தினார். ஏழு வால்வு செட்டின் மேல் துணியைப் போட்டு மூடினார்.

அன்றைக்கு மேகம். நோன்பு திறந்துவிட்டு மஃரிபும் தொழுத பிறகு, மனசு கேட்காமல் வீட்டு மொட்டைமாடியில் ஏறி நின்றார். மேற்கே ரெட்டியார்சத்திரம் பக்கம் மேகம் செத்த நேரம் விலகியது. நகத்தை வெட்டிப் போட்டது போல் பிறை. நன்றாகப் பார்த்தார். துஆ ஓதக் கையைக்கூட உயர்த்திவிட்டார். அதற்குள் மூடிக்கொண்டது.

பள்ளிவாசலுக்கு ஓடியிருக்க வேண்டும். ஓடத்தான் படியிறங்கினார். பாதிப் படியில் சௌகத்தின் குரல் நினைவுக்கு வந்தது. 'பிறை பார்க்கப்பட்டது, நாளை பெருநாள்' என்று அந்தக் குரல் சொல்லும். ஊர் சௌகத்தைத்தான் கட்டிப்பிடிக்கும். பார்த்தது யார் என்று எவன் கேட்கப்போகிறான்? நடையைத் தளர்த்திக்கொண்டார்.

பள்ளிவாசலில் இரவுத் தொழுகை இஷா முடிந்ததும் தோல்ஷாப்பில் வேலை செய்யும் அப்பாஸ் எழுந்து நின்றார். "நான் பாத்தேன் ஹஜ்ரத், அல்லாமேல சத்தியமா" என்றார். அவர் கொஞ்சம் கூட்டிப் பேசுகிற ஆள், இரண்டு பேர் சிரித்தார்கள்.

"பெருநாள் பிறைக்கு ரெண்டு சாட்சி வேணும்" என்றார் ஹஜ்ரத். "வேற யாராச்சும் பாத்தீங்களா?"

அப்பாஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி சௌகத் தயாராக நின்றான். ரஹ்மத்துல்லா தூணில் சாய்ந்து பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஹஜ்ரத் மூன்று தடவை கேட்டார். பிறகு, "அப்ப நாளைக்கும் நோன்புதான்" என்று முடித்துவிட்டார். சற்று நேரத்தில் எட்டுப் பெட்டியும் அதைத்தான் சொன்னது.

விடியுமுன் சர்புன்னிசா எழுப்பி சஹர் சோறு போட்டாள். சாப்பிட்டார். இன்று நோன்பு நோற்கிறேன் என்று நிய்யத் வைக்கும்போது நாக்கு எழவில்லை. பெருநாளன்று நோன்பு பிடிப்பது ஹராம், பெரும்பாவம், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பெருநாள் என்று அந்த ஊரில் அவருக்கும் அப்பாஸுக்கும்தான் தெரியும். காலை எட்டு மணிக்குக் கடையைத் திறந்து, அலமாரிக்குப் பின்னால் போய்க் கூஜாவைத் தூக்கி மடமடவென்று தண்ணீரைக் குடித்தார். திரும்பினால் வாசலில் சௌகத் நிற்கிறான், கையில் ஒரு வால்வோடு.

"இதுக்கு ஜோடி இருக்குமான்னு கேக்க வந்தேன் மச்சான். பரவால்ல, அப்புறம் வாரேன்" என்று தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். மச்சானின் மானம் காப்பாற்றுகிறானாம்.

பத்து மணிக்கு மதுரை பஸ்ஸிலிருந்து புதுச்சட்டையும் அத்தர் வாசனையுமாக ஒரு குடும்பம் இறங்கியது. அங்கே பெருநாள் தொழுகையே முடிந்துவிட்டது. பேகம்பூர் தலையில் அடித்துக்கொண்டது. நோன்பை முறித்து, அரைகுறையாகக் குளித்து, தையல்காரரிடம் சட்டைக்குச் சண்டை போட்டு, உச்சிப்பொழுதுக்குள் தொழுகைக்கு ஓடினார்கள். ஆடு அறுக்க ஆளில்லை. எந்த வீட்டிலும் மத்தியானத்துக்கு பிரியாணி இல்லை.

இந்தக் கோபம் முழுக்க சௌகத் தலையில் விடிந்தது. "ரஹ்மத்துல்லா செட்டு ஓடிருந்தா ராத்திரியே மதுரச் சேதி வந்திருக்கும். இந்த டப்பாவ நம்பி ஹராமுல விழுந்தோம்" என்று டீக்கடைக்காரர் பெட்டியைத் தெருவில் கொண்டுவந்து வைத்தார். ஒரு வாரத்துக்குள் யாரோ மொட்டைக் கடிதாசி போட்டார்கள். லைசென்ஸ் இல்லை என்று அதிகாரிகள் வந்து ராணுவப் பெட்டிகளை எடுத்துப்போனார்கள். நாற்பத்தேழு நாளில் கதை முடிந்தது. கடிதாசி ரஹ்மத்துல்லா எழுதியதல்ல. பள்ளிவாசல் தூணில் சாய்ந்திருந்தபோதே அவர் வேலை முடிந்திருந்தது.

பம்பாய்க்குப் பிழைக்கப் போகிற அன்று சௌகத் கடைக்கு வந்து ஒரு காகிதச் சுருளை மேஜையில் வைத்தான். "எப்.எம். படம் மச்சான். எந்தக் கம்பி எங்க போகுதுன்னு எல்லாம் இருக்கு. உங்களுக்குத்தான் புரியும்."

அவர் கை அதன்மேல் போனது.

"அன்னைக்கு நீங்க தண்ணி குடிச்சது எட்டு மணிக்கு" என்றான் சௌகத். "மதுர பஸ்ஸு வந்தது பத்து மணிக்கு. எனக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உறைச்சுச்சு. அக்காகிட்ட சொல்லல. அப்பாஸ் அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிருங்க."

சொல்லவில்லை. அந்தப் படத்தையும் அவர் பிரிக்கவேயில்லை.

அடுத்த வருஷம் இருபத்தொன்பதாம் நோன்பன்று பெரியவர்கள் பழையபடி அவர் கடைக்கே வந்தார்கள். ஹஜ்ரத்துக்கு ஸ்டூல் போட்டார். வானம் மூடியிருந்தது. "யாராச்சும் பாத்தீங்களா?" என்று ஹஜ்ரத் கூட்டத்தைக் கேட்டார். "நான் இப்பல்லாம் மேல பாக்குறதில்ல" என்றார் ஓரத்தில் நின்ற அப்பாஸ்.

"நீங்க ரஹ்மத்துல்லா?"

"இல்ல ஹஜ்ரத்" என்றார். அந்த வருஷம் அது உண்மைதான். அப்படியும் கண் அப்பாஸ் பக்கம் போக, பிடித்துவைத்திருந்த ஸ்டேஷன் நழுவிப்போனது.