அண்ணா, லைனை நிறுத்துங்க

அதிகாரியின் அம்மா என்பது சம்பளம், லீவு, ரிட்டயர்மென்ட் மூன்றும் இல்லாத உத்தியோகம்; விண்ணப்பம் போடாமலே எனக்கு அது கிடைத்தது. வேலைக்குப் போகும் பிள்ளையைப் பெற்று, அதன் ஆபீஸ் கவலைகளைத் தோசைக்கல் முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் சக தியாகிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

பதினான்கு உடன்பிறப்புகள்

என் மகள் பவித்ராவுக்கு வயது இருபத்து நாலு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், கார்களுக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்பும் தொழிற்சாலையில் இன்ஜினியர். இன்ஜினியர் என்று பெயர்தான்; இரண்டு வருஷம் ஃபைல் அறையில் உட்கார்ந்து காகிதத்துக்கு நம்பர் போட்டாள். "எனக்கு ஒரு லைன் கொடுங்க சார்" என்று கேட்டுக் கேட்டு மேனேஜரைக் களைக்க வைத்து, ஜூலை மாதம் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகிவிட்டாள். ஒரு கன்வேயர், பதினான்கு பேர். மூன்று மாதம் சோதனை ஓட்டம். சரிப்படாவிட்டால் பழையபடி ஃபைல் அறை, அதே நாற்காலி, அதே பஞ்ச் மிஷின்.

பதினான்கு பேரும் அவளைவிட மூத்தவர்கள். பொழிச்சலூரில் பிறந்து வளர்ந்த பெண் என்ன செய்வாள்? ஆண்களையெல்லாம் அண்ணா, பெண்களையெல்லாம் அக்கா ஆக்கிவிட்டாள். முதல் நாளே, லைனில் மூத்தவரான தணிகாசலத்திடம் போய், "அண்ணா, டைம் இருந்தா, முடிஞ்சா, அந்த டேப் சுத்தற வேலையைக் கொஞ்சம் சீக்கிரம் பாக்கறீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனுஷர். கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்:

"டைம் இருந்தா பாக்கறேன்மா."

தாடையைத் தூக்கு

இது என்னிடம் சொல்லக்கூடிய விஷயமா? நான் கான்வென்ட்டில் மூன்று வருஷம் கிளாஸ் லீடர். எங்கள் சிஸ்டர் ஒரு பென்சிலை மேஜையில் தட்டினால் அறுபது பெண்கள் மூச்சு விடுவதை நிறுத்துவோம். அந்தப் பரம்பரையில் வந்தவள் நான். பவித்ராவை பீரோ கண்ணாடி முன் நிறுத்தினேன். முதுகை நிமிர்த்து, தோளைப் பின்னால் தள்ளு, தாடையைத் தூக்கு, இப்போது பேசு. எதிராளிக்கு அவள் மூக்கின் துவாரம் தெரிந்தால்தான் பயம் வரும் என்பது சிஸ்டரின் கொள்கை.

பயிற்சிக்கு ஆள் வேண்டுமே. அந்த நேரம் பார்த்து கேஸ்காரர் வந்தார். எந்த மாதமும் சிலிண்டரை வாசல் கேட்டோடு வைத்துவிட்டுப் போகிறவர். "போ, உள்ளே கொண்டுவந்து வைக்கச் சொல்லு" என்று அனுப்பினேன். பவித்ரா வாசலில் போய் நின்று, கூரையைப் பார்த்துக்கொண்டு, பாடப்புத்தகத் தமிழில், "சிலிண்டரைச் சமையலறையில் வைக்கவும்" என்றாள். அவர் தோளிலிருந்த சிலிண்டரை இறக்கினார். அப்புறம் நிஜமான கவலையோடு கேட்டார்:

"இன்னா பாப்பா, கழுத்து சுளுக்கிக்கிச்சா?"

மிஸ்டர்

நோய் தாடையில் இல்லை, அண்ணாவில் இருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன். அண்ணனிடம் தங்கை கெஞ்சலாம், கோபித்துக்கொள்ளலாம், தீபாவளிக்குப் புடவை கேட்கலாம். வேலை வாங்க முடியுமா? "நாளையிலிருந்து மிஸ்டர் போடு. டிக்னிட்டியா இருக்கும்" என்றேன். எங்கள் பள்ளியில் தோட்டக்காரரைக்கூட சிஸ்டர் மிஸ்டர் போட்டுத்தான் கூப்பிடுவார். அந்தத் தோட்டக்காரர் பாதித் தோட்டத்தை எங்களையே கூட்ட வைத்தார் என்பது வேறு கதை.

மறுநாள் காலை என் மகள் கன்வேயர் நடுவில் நின்று கணீரென்று, "மிஸ்டர் தணிகாசலம், மத்தியானம் உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்றாள். டேப் எங்கே தீர்ந்துபோகிறது என்று கேட்கத்தான். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் ஒரு மனிதனின் பெயருக்கு முன்னால் மிஸ்டர் வருவது ஒரே இடத்தில்தான், வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தில். பக்கத்தில் இருந்தவர்கள் துக்கம் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொருவராக வந்து அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்களாம். மனுஷர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவள் மேஜை முன்னால் வந்து நின்றார்:

"எதுவா இருந்தாலும் வாயால சொல்லிடுங்க மேடம், லெட்டரா மட்டும் குடுத்துடாதீங்க."

எங்கள் வீட்டுக்காரரின் யோசனை

பவித்ராவின் அப்பா வங்கிக்காரர், டோக்கன் நம்பரைத் தாண்டி உலகத்தைப் பார்த்ததில்லை. "பேரே வேண்டாம், யார் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அந்த நம்பரைச் சொல்லிக் கூப்பிடு" என்றார் பேப்பரிலிருந்து தலையெடுக்காமல். பாவம் பெண், அதையும் செய்தாள். "நாலாம் நம்பர், கொஞ்சம் வேகமா" என்றதும் நாலாம் இடத்தில் நின்ற ஷமீம் அக்கா வேலை செய்த கையை நிறுத்தாமலே சொன்னார்:

"ஜெயில்ல கூட ஒரு மாசம் பழகினா பேரு சொல்லிக் கூப்பிடுவாங்கம்மா."

குரோம்பேட்டை ஸ்டாப்பிங்

செப்டம்பர் பாதி ஆகிவிட்டது. சோதனைக் காலம் தீர இன்னும் மூன்று வாரம். பவித்ரா பழையபடி அண்ணாவுக்கே திரும்பியிருந்தாள். 'டைம் இருந்தா'வும் 'முடிஞ்சா'வும் கூடவே திரும்பி வந்திருந்தன. மேனேஜர் ஒரு நாள் போகிற போக்கில், "ஃபைல் ரூம் சாவி பத்திரமா இருக்கா?" என்று கேட்டாராம். அன்று ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டாள். எனக்கும் அடுத்த யோசனை வரவில்லை. எனக்கு யோசனை வராமல் போவது எங்கள் வீட்டில் செய்தி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைத் தாம்பரம் மார்க்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது ஷேர் ஆட்டோ. குரோம்பேட்டையில் இறங்கி டெய்லரிடம் ரவிக்கை வாங்க வேண்டும். ஓட்டுநர் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் பறந்தார். "அண்ணா, நிறுத்துங்க" என்றேன். ஒரே பிரேக். முருங்கைக்காய் பக்கத்துச் சீட்டுப் பெண்மணியின் மடிக்குப் போய்விட்டது. பவித்ரா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "என்னடி?" என்றேன்.

"அம்மா, இப்ப அவரை என்னன்னு கூப்பிட்டே?"

"அண்ணான்னு."

"அவருக்கு என் வயசு கூட இருக்காது. வண்டி நின்னுச்சா இல்லையா? டைம் இருந்தா நிறுத்துங்கன்னு கேட்டியா நீ?"

ஒரு கால் உள்ளே, ஒரு கால் ரோட்டில் வைத்தபடி நான் யோசித்துக்கொண்டு நின்றேன். நோய் அண்ணாவிலும் இல்லை, அதற்கு அப்புறம் ஆட்டுகிற 'டைம் இருந்தா' என்ற வாலில் இருந்திருக்கிறது. இரண்டு மாத டிரெயினிங் வீண். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்:

"சீக்கிரம் எறங்குக்கா, உன் அண்ணனுக்கு அடுத்த சவாரி கீது."

டிக்

ஒயரின் நுனியை ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள் செருகுவார்களாம். சரியாக உட்கார்ந்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நாள் முழுக்க டிக் டிக் டிக் என்று அந்த லைனே ஒரு பெரிய கடிகாரம் மாதிரி ஓடும். சோதனைக் காலம் தீர எட்டு நாள் இருக்கும்போது, மூடிகளின் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தார்கள். நடந்து போய்க்கொண்டிருந்த பவித்ராவுக்குக் காதில் ஏதோ குறைந்தது. திரும்பி வந்து ஒரு ஒயரைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. அடுத்தது வரவில்லை. அதற்கடுத்தது வந்தது.

லைன் நின்றால், நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் மேனேஜர் அறைக்கு வெளியே இருக்கும் போர்டில் சிவப்பில் ஏறும். ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம்தான். கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்த ஷிப்டின் தலைவலி. பஞ்ச் மிஷின் ஒரு தடவை கண்ணுக்குள் வந்து போனதாம். அப்புறம், "அண்ணா, லைனை நிறுத்துங்க" என்றாள். 'டைம் இருந்தா'வும் இல்லை, 'முடிஞ்சா'வும் இல்லை. ஸ்விட்ச் பக்கத்தில் இருந்தவர் தணிகாசலம். ஏன் என்று கேட்கவில்லை, அழுத்திவிட்டார்.

மேனேஜர் படியில் இரண்டிரண்டாக இறங்கி வந்தார். வந்தவர் இவளைப் பார்க்கவே இல்லை. நேரே தணிகாசலத்திடம் போய், "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க? இருபது வருஷ சர்வீஸ், தெரிய வேணாம்?" என்று கத்தினார். தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டே இவள் பக்கம் காட்டினார்:

"எங்க இன்சார்ஜ் சொன்னாங்க சார், நிறுத்திட்டேன்."

ஆயுத பூஜை

பெட்டி மொத்தமும் கோளாறு, அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போனது. மேனேஜர் பாராட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபைல் அறைச் சாவியை மட்டும் வாங்கி வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். அதைவிட நல்ல சர்டிஃபிகேட் என்ன வேண்டும்?

ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் பட்டுப்புடவை. கன்வேயருக்கு மாலை, ஸ்விட்சுக்குச் சந்தனப் பொட்டு. ஷமீம் அக்கா பொரி பொட்டலத்தை என் கையில் திணித்து, "உங்க பொண்ணு இப்பல்லாம் என்னை நம்பரால இல்ல, பேரு சொல்லிக் கூப்பிடுது" என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனார். பவித்ரா திரும்பிக்கூடப் பார்க்காமல், "அண்ணா, அம்மாவுக்கு ஒரு சேர்" என்றாள். வாக்கியம் முடிவதற்குள் சேர் வந்துவிட்டது. கொண்டுவந்தவர் தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்த தணிகாசலம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் வீட்டில் நான் கொடுத்த டிரெயினிங்தான்" என்று அவரிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் பரவியது:

"அப்ப அந்த மிஸ்டரைச் சொல்லிக் குடுத்த புண்ணியவதி நீங்கதானா மேடம்? அன்னிக்கு எனக்கு ஒரு வாய் சோறு எறங்கல."

சக தியாகிகளே, பிள்ளைக்கு அதிகாரம் செய்யக் கற்றுக்கொடுப்பதில் தவறே இல்லை, ஆனால் இப்போதெல்லாம் காலையில் அவள் அதே வால் வெட்டிய குரலில் "அம்மா, காபி" என்கிறாள், டைம் இருக்கிறதா என்று நான் யோசிப்பதற்குள் டம்ளர் என் கையில் இருக்கிறது.